தாய்ப்பாலும் ஒவ்வாமையும்

பிறந்த குழந்தையின் முதல் உணவு தாய்ப்பால். முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதுமானது. தண்ணீரும் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர் உள்ளது. பாற்சர்க்கரை 7 விழுக்காடும், கொழுப்பு 4 விழுக்காடும், புரதம் 1 விழுக்காடும் உள்ளன. இவ்வளவுகள் என்றும் ஒரே நிலையில் இருப்பதில்லை. முதல் சில நாள்களில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் மிகுதி. குழந்தை பருகத் தொடங்கும்போது வரும் பாலைவிட இறுதியில் வரும் பாலில் கொழுப்பு மிகுந்திருக்கும்.

தாய் உண்ணும் உணவிலுள்ள புரதம் மிகச் சிறிய அளவில் தாய்ப்பாலையும் அடைகிறது. தாய் பசும்பால் அருந்தினால் அதன் புரதம் இவ்வாறு குழந்தையைச் சேரக்கூடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் தீங்கில்லை. சில குழந்தைகளின் உடல் மட்டும் அதனைப் பகையாகக் கருதி எதிர்க்கிறது. இதுவே ஒவ்வாமை. தோலில் தடிப்பு, மலத்தில் இரத்தக் கீற்று முதலியன இதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

அந்நிலையில் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா? பொதுவாக வேண்டியதில்லை. மருத்துவரின் அறிவுரைப்படி, தாய் 2 முதல் 4 வாரங்கள் வரை பால், தயிர், மோர், பன்னீர் ஆகியவற்றை விலக்குவார். குழந்தை நலமடைந்தபின் அவற்றை மீண்டும் உண்டு பார்ப்பார். அறிகுறிகள் திரும்பி வந்தால், பசும்பாலே காரணம் என்பது உறுதியாகும். விலக்கும் காலத்தில் தாய்க்குச் சுண்ணாம்புச்சத்துக் குறையலாகாது. கேழ்வரகும் எள்ளும் கீரையும் அதற்கு உதவும்.

இந்த ஒவ்வாமைக்குப் பாற்சர்க்கரையே காரணம் எனச் சிலர் எண்ணுவர். அது பிழை. பாற்சர்க்கரை தாயின் மார்பிலேயே உருவாகிறது. தாய் பசும்பாலை விலக்கினாலும் அது குறையாது. தாய்க்கு ஒவ்வாத உணவு குழந்தைக்கும் ஒவ்வாது என்பதும் பிழையே. ஒவ்வாமை கொள்ளும் இயல்பு மரபுவழி வரலாம். ஆனால் தாயின் ஒவ்வாமை பால்வழி குழந்தைக்குச் செல்வதில்லை.

மகப்பேற்றுக்குப்பின் பத்தியம் காப்பது தமிழர் வழக்கம். ஆயினும், தக்க காரணமின்றிப் பல உணவுகளை விலக்கினால் தாயின் உடல் நலியும். தாயின் நலமே சேயின் நலம்.

அருஞ்சொற்பொருள்

சேய் – குழந்தை
நலிதல் – மெலிதல், வலிமை குன்றுதல்
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு
பத்தியம் – உணவுக் கட்டுப்பாடு

வினாக்கள்

1. சீம்பாலின் சிறப்பு யாது?
2. ஒவ்வாமை என்றால் என்ன?
3. பசும்பாலை விலக்கிய தாய், அதை மீண்டும் உண்டு பார்ப்பது ஏன்?
4. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்திய உணவுகள் ஐந்தினை எழுதுக. நீங்கள் வாழும் மாநிலத்தில் மகப்பேற்றுக்குப்பின் தாய்க்குத் தரும் உணவுகளோடு அவற்றை ஒப்பிடுக.