மீட்கும் கைகள்

ஒருவர் வேண்டாமென எறிந்த பொருள், மற்றொருவர் கைபட்டதும் மீண்டும் விலை பெறுகிறது. தென்னாப்பிரிக்காவின் பெருநகரான ஜோகன்னஸ்பர்க்கில் இதனை நாள்தோறும் காணலாம். குப்பை வண்டி வருமுன்னரே, விடியற்பொழுதில் இழுவண்டிகள் தெருக்களில் உருளத் தொடங்குகின்றன. வாயிலில் வைக்கப்பட்ட தொட்டிகளிலிருந்து தாள், அட்டை, நெகிழிப் புட்டி, உலோகக் குவளை ஆகியவற்றைத் தொழிலாளர்கள் பிரித்தெடுக்கின்றனர். அச்சுமையை நெடுந்தொலைவு இழுத்துச் சென்று, எடைக்கு வாங்கும் நிலையங்களில் விற்கின்றனர்.

அந்நாட்டில் இத்தொழிலை நம்பி வாழ்வோர் 60,000 முதல் 90,000 வரை இருப்பர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. மறுசுழற்சிக்காகச் சேகரிக்கப்படும் தாள், பொதிகலப் பொருள்களில் 80 முதல் 90 விழுக்காடு இவர்கள் வழியாகவே செல்கிறது. இதனால் நிலத்தில் புதைக்கப்படும் கழிவு குறைகிறது. நகராட்சிகளின் செலவும் மிச்சமாகிறது. ஆயினும், இவர்களுக்கு மாத ஊதியம் இல்லை. செய்யும் பணிக்கேற்ற மதிப்பும் இல்லை.

இந்நிலையை மாற்றத் தொழிலாளர்களே ஒன்றுதிரண்டனர். 2009இல் தென்னாப்பிரிக்கக் கழிவு சேகரிப்போர் சங்கம் உருவாயிற்று. சூழல் நீதிக்காக 1999 முதல் இயங்கிவரும் ‘கிரவுண்ட்வொர்க்’ என்னும் தொண்டு நிறுவனம் அதற்குத் துணைநின்றது. 2018இல் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்க மீட்போர் அமைப்பு தோன்றியது. ‘மீட்போர்’ என்னும் சொல்லிலேயே அவ்வமைப்பின் கொள்கை அடங்கியுள்ளது. அவர்கள் பொறுக்குவது குப்பையை அன்று. மீட்பது, பிறர் இழந்த மதிப்பை.

பிரிக்ஸ்டன், ஆக்லண்ட் பார்க் ஆகிய பகுதிகளில் இவ்வமைப்பு குடியிருப்போருடன் கைகோத்தது. மக்கள் கழிவை வீட்டிலேயே தரம் பிரித்து மீட்போரிடம் தந்தனர். தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவும் நிலை அங்கே மாறியது. முகமறியா மனிதர் அறிமுகமானவர் ஆயினர்.

எனினும், மறுசுழற்சித் திட்டங்கள் யாவும் இவர்களுக்கு நன்மை பயப்பதில்லை. தரம் பிரித்த கழிவை அள்ளும் பணி தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படும்போது, மீட்போரின் பிழைப்பு பறிபோகிறது. ஆகவேதான், திட்டம் தீட்டும் இடத்தில் தங்களுக்கும் இடம் வேண்டுமென இவ்வமைப்புகள் வலியுறுத்துகின்றன. அக்குரல் வீண்போகவில்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த விதிகள், பொதிகலப் பொருள்களை உற்பத்தி செய்வோர், பதிவுபெற்ற கழிவு சேகரிப்போர்க்குப் பணிக்கட்டணம் வழங்க வேண்டுமென வகுத்தன. பதிவுபெற்றோர்க்கே அப்பயன் உரியது என்பதால், ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் இடம்பெறச் செய்வது இன்றியமையாததாகிறது.

மண்ணைக் காக்கும் பணி, அதனைச் செய்யும் மனிதரையும் காக்கும்போதுதான் நிறைவு பெறுகிறது. எறியப்பட்ட பொருளுக்கு மறுவாழ்வு தருவோரின் வாழ்வு எறியப்படலாகாது.