நின்ற வண்டி நகராதிருக்க
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

மோட்டார் வண்டியில் தடை இரண்டு உண்டு. காலால் மிதிப்பது ஓடுகின்ற வண்டியை நிறுத்துவதற்கு. கையால் இழுப்பது நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே வைத்திருப்பதற்கு. முன்னதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகின்றனர். பின்னதைப் பலரும் நினைத்துக் கொள்வது தகுதிச் சான்று வாங்கப் போகும்போதுதான். வாடகைக்கும் சரக்கிற்கும் ஓடும் வண்டிகள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆவது பிரிவுப்படி இச்சான்றைப் பெற்றிருக்க வேண்டும். எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டதற்கு ஆண்டுதோறும் புதுப்பித்தல் என்பது 2018இல் வந்த திருத்தம். பேச்சு வழக்கில் இதற்கு ‘எஃப்.சி. காட்டுவது’ என்று பெயர். சோதிப்பவர் மோட்டார் வாகன ஆய்வாளர் என்றாலும் மக்கள் வாயில் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தான். அப்பெயரை வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

என் தந்தையார் ஓட்டும் சிறு சரக்கு வண்டி எட்டு ஆண்டைக் கடந்துவிட்டது. சான்று கிடைக்காமல் வண்டி நின்றால் வீட்டில் வருமானமும் நிற்கும். கடன் தவணை மட்டும் நிற்காது. ஆகவே இந்தக் கைப்பிரேக்கை நான் சற்றுக் கூர்ந்து பார்க்க நேர்ந்தது. முதலாண்டு ஆய்வுக்கூடத்தில் சாய்தளத்தின் மேல் மரக்கட்டையை வைத்து உராய்வுக் கெழு கண்டோமே, அதே கணக்குதான் இங்கும்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிமுறை 13, முழுச் சுமை ஏற்றிய வண்டியை 18 விழுக்காடு சரிவில், மேல்நோக்கி நின்றாலும் கீழ்நோக்கி நின்றாலும், கைப்பிரேக் நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. நூறு அடி போனால் பதினெட்டு அடி ஏறும் சரிவு. கோணம் ஏறத்தாழ 10 பாகை. சுமையோடு 1500 கிலோ உள்ள வண்டியை அங்கே நிறுத்தினால், அதைக் கீழே இழுக்கும் விசை சற்றேறக்குறைய 2600 நியூட்டன். கைப்பிரேக் பின்சக்கரங்கள் இரண்டை மட்டுமே பிடிப்பதால் ஒவ்வொன்றும் 1300 நியூட்டனைத் தாங்க வேண்டும். இது டயரின் விளிம்பில். டயரின் ஆரம் 26 சென்டிமீட்டர், டிரம்மின் ஆரம் 10 என்று கொண்டால், டிரம்மின் பரப்பில் வேண்டிய உராய்வு விசை 3380 நியூட்டன் ஆகின்றது.

மனிதக் கை இதற்கு ஈடு கொடுக்குமா? முப்பது கிலோ மூட்டையைத் தூக்கும் அளவு, அதாவது 300 நியூட்டன் விசையோடு இழுப்பதாக வைத்துக் கொள்வோம். கைப்பிடி ஒரு நெம்புகோல். அது ஆறு மடங்காக்கினால் 1800. நடுவிலுள்ள சமன்படுத்தும் தகடு அதை இரண்டு கேபிள்களுக்கும் 900 வீதம் பகிர்கின்றது. டிரம்மிற்குள் இன்னொரு சிறு நெம்புகோல் நான்கு மடங்காக்கி 3600 ஆக்குகின்றது. ஷூவின் ஒரு முனை ஊன்றி நிற்க மறுமுனை தள்ளப்படுவதால் நடுவில் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்கு, 7200. ஷூக்கள் இரண்டு, லைனிங்கின் உராய்வுக் கெழு 0.35 எனில் கிடைப்பது 5040 நியூட்டன். தேவையோ 3380. மடங்குகள் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

தாராளமாக மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதல்லவா? மழைநீர் இறங்கி உறைக்குள் கேபிள் துருவேறினால், இழுக்கும் விசையில் பாதியை அந்த உறையே தின்றுவிடும். அப்போது மிஞ்சுவது 2520. வண்டி உருளும். அச்சுப் பக்கத்து சீல் கசிந்து லைனிங்கில் எண்ணெய் பட்டாலும் இதே கதி. அந்த நிலையில் எந்த நட்டை முறுக்கியும் பயனில்லை. பொருளையே மாற்ற வேண்டும்.

நட்டை முறுக்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சோதனைக்கு முதல் நாள் பட்டறையில் பலர் செய்வது, கைப்பிடிக்கு அடியிலுள்ள நட்டை நான்கு சுற்றுத் திருகி விடுவது. கைப்பிடி இரண்டே பல்லில் ‘கிண்’ணென்று நிற்கும். பார்ப்பவருக்குத் திருப்தி. ஆனால் உள்ளே நடப்பது வேறு. லைனிங் தேய்ந்ததால் ஷூவிற்கும் டிரம்மிற்கும் இடையே விழுந்த இடைவெளியைக் கேபிளை இழுத்துப் பிடித்து மறைத்திருக்கிறோம், அவ்வளவே. உள் நெம்புகோல் தன் இருப்பிடத்திற்குத் திரும்புவதில்லை. ஷூ உரசிக்கொண்டே ஓடும். எங்கள் வண்டிக்கு முந்தைய ஆண்டு ஒரு பட்டறையில் இப்படித்தான் செய்து கொடுத்தார்கள். சான்று கிடைத்தது. மூன்றாம் நாள் தக்காளிக் கூடைகளோடு திரும்பும் வழியில் பின்சக்கரம் தொட முடியாத சூட்டில் புகைந்தது. லைனிங் பொசுங்கிப் போயிற்று. ஒரு நாள் வாடகையும், புது ஷூவின் விலையும் நட்டம். இறக்கத்தில் நடந்திருந்தால் நட்டம் அத்தோடு போயிருக்காது.

சரியான முறை உள்ளிருந்து வெளியே வருவது. டிரம் ஆறிய பிறகுதான் தொடங்க வேண்டும். சூட்டில் விரிந்த டிரம்மிற்கு அளவு வைத்தால் அது ஆறிச் சுருங்கியதும் ஷூவைக் கவ்விக்கொள்ளும். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்து, ஜாக்கியால் பின்புறத்தைத் தூக்கி, உறுதியான தாங்கியில் இருத்திக் கொள்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் கை நீட்டலாகாது. கைப்பிடியை முழுதும் இறக்கி, கேபிள் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். இதுதான் முதல் வேலை என்பதைப் பலர் ஏற்பதில்லை. ‘இறுக்க வந்துவிட்டுத் தளர்த்துவானேன்?’ என்று என் தந்தையாரே கேட்டார். பின் தட்டிலுள்ள துளை வழியே திருப்புளியை விட்டு, பல்சக்கரத்தைச் சக்கரம் அசையாத வரை திருகி, பிறகு தடையின்றிச் சுழலும் வரை பின்வாங்க வேண்டும். கால் பிரேக்கை நாலைந்து முறை மிதித்தால் ஷூக்கள் நடுவில் அமரும். இரு பக்கமும் ஒன்றுபோல் ஆனபின்தான் கேபிளுக்கு வருவது. எத்தனையாவது பல்லில் சக்கரம் பிடிக்க வேண்டும் என்பதை வண்டியின் கையேடு சொல்லும். கைப்பிடியை இறக்கினால் சக்கரம் தாராளமாகச் சுழல வேண்டும். இரண்டும் சரியானால் பூட்டு நட்டை இறுக்கிவிடலாம்.

இவ்வாறு செய்த பின் கால் பிரேக்கின் பெடலும் மேலே ஏறி வந்துவிட்டது. இரண்டு தடைக்கும் பின்சக்கரத்தில் ஷூ ஒன்றே என்பதால் இதில் வியப்பில்லை.

ஊருக்கு வெளியே பாலத்தின் ஏற்றத்தில், சக்கரத்திற்கு ஒரு முழம் தள்ளிக் கல் வைத்துவிட்டு, வண்டியை இரு திசையிலும் நிறுத்திப் பார்த்தோம். கீழ்நோக்கி நிறுத்தும் சோதனையே கடினமானது. அப்போது பாரம் முன்சக்கரங்களின் மேல் சாய்ந்து, பின்சக்கரங்கள் தரையைப் பற்றும் விசை குறைகின்றது. டிரம் எவ்வளவு இறுகப் பிடித்தாலும் டயர் வழுக்கினால் என்ன செய்வது? வெறும் வண்டியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கால் மணி நேரம் காத்திருந்தோம். கல்லுக்கும் டயருக்கும் இடையிலிருந்த முழம் அப்படியே இருந்தது. மறுநாள் காலை பதினொரு மணிக்குள் எஃப்.சி. முடிந்து, பிற்பகல் வாடகைக்கு வண்டி புறப்பட்டுவிட்டது.