பிஞ்சு வெம்பி விழுவது ஏன்?

பாடம்: தீவின் பூச்சிகளும் நமது பயிர்களும்



2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்க, புளத்கொகுப்பிட்டிப் பகுதிகளிலும், 2017 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும் மண்சரிவு பல குடும்பங்களைப் பெயர்த்தது. அவ்வாறு இடம்பெயர்ந்து புதிய காணியில் பயிர் வைப்போருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. பூசணிக்கொடி செழிப்பாக ஓடுகிறது, பூவும் பூக்கிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. என்ன பசளை இடலாம்?

முதலில் விழுந்த பிஞ்சை அரிந்து பாருங்கள். உள்ளே புழு இருந்தால் அது பழ ஈயின் வேலை. புழு இல்லையெனில் பூச்சி வராததே காரணமாக இருக்கலாம். அதற்குப் பசளை மருந்தாகாது.

பூவில் நடப்பது

பூசணி, பாகல், கெக்கரி ஆகியவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூவின் மகரந்தத்தைத் தேனீ சுமந்துவந்து பெண்பூவில் சேர்க்க வேண்டும். பூசணிப்பூ விடியற்காலையில் மலர்ந்து மதியத்துக்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பிவிடும்.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் சிறு குழலுக்குள் அடைபட்டிருக்கும். பெரிய கருவண்டு பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு அதிரச் செய்யும்போது மகரந்தம் உதிரும். அதனால் காய் நன்றாகப் பிடிக்கும்.

இலங்கையில் ஏறத்தாழ 150 வகைத் தேனீக்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் தேன் சேர்த்துவைப்பவை நான்கே: மலைத்தேனீ, பொந்துத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ. ஏனையவை பெரும்பாலும் தனித்து வாழ்பவை. சில மண்ணிலே குழி தோண்டும், சில பட்ட மரத்தில் துளையிடும்.

தீவுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

சப்பிரகமுவையின் ஈரக்காடு தீவுக்குள் ஒரு தீவாகும். இதைப் போன்ற மழைக்காடு அடுத்து இருப்பது தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரில். இடையே கடலும் வரண்ட நிலமும் உள்ளன. இங்கு அழிந்த பூச்சிக்குப் பதிலாக அங்கிருந்து ஒன்று பறந்துவராது.

காடு முன்பே துண்டுபட்டது. கலப்புக் காட்டில் மாதந்தோறும் ஏதாவது ஒரு மரம் பூக்கும். ஒரே பயிர் நின்றால் அப்படியில்லை. இறப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கும் காலத்தில் இலைக்காம்பு நுனியில் தேன் சுரக்கும். அது முடிந்ததும் தேனீக்குப் பஞ்சம். சிங்கராஜ வனத்தின் எல்லைகளில் நடப்பட்ட பைன் மரம் காற்றினால் மகரந்தம் பரப்புவது. பூச்சிக்குத் தேன் தராது.

குலைந்த நிலத்தில் ஆக்கிரமிப்புத் தாவரங்கள் நுழைகின்றன. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த கிளிடெமியாப் புதர், 1970களில் மரம் வெட்டப்பட்ட சிங்கராஜப் பகுதிகளிலும் பரவியது. மைக்கேனியாக் கொடி மரத்தை மூடி வெயிலை மறைக்கிறது. கினிப்புல் நிலத்தை அடைத்து, மண்ணில் குழி தோண்டும் தேனீக்கு இடமில்லாமற் செய்கிறது. நாயுண்ணிப்பூவில் வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கும். ஆனால் அது மூடிய இடத்தில் பல காலங்களில் பூத்த பல செடிகள் இல்லாமற்போகும்.

வெளியிலிருந்து வந்த யாவும் தீயவையல்ல. தேயிலை, மிளகாய், பூசணி, இறப்பர் எல்லாமே பிற நாட்டவை. பலகாலம் ‘வந்தவர்கள்’ என்று சுட்டப்பட்ட மலையக மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிறரை வாழவிடாது பரவுவதே ஆக்கிரமிப்பு.

மொரீசியஸ் தரும் பாடம்

நம் முன்னோரைப் போலவே தமிழர் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தீவு மொரீசியஸ். அங்கே ரூசியா என்னும் செடிக்கு மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் நீலவால் பல்லி ஒன்றே. வெளியிலிருந்து வந்த ஓர் எறும்பு, அப்பூக்களில் மாவுப்பூச்சியை வளர்த்து, மண்கூடு கட்டிக் காவல் இருக்கிறது, பல்லியை அண்டவிடுவதில்லை. எறும்பு ஏறிய செடிகளில் காய் பிடிப்பது மிகவும் குறைந்ததை ஆய்வாளர் கண்டனர். செடியை எவரும் வெட்டவில்லை. பூவுக்கு வரும் விருந்தாளியைத் தடுத்ததே போதுமாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

1. காணியைத் தீவைத்துத் துப்புரவாக்க வேண்டாம். வேலியோரத்திலும் ஓடைக்கரையிலும் போவிட்டியா போன்ற உள்ளூர்ச் செடிகளை விட்டுவையுங்கள்.
2. ஆக்கிரமிப்புச் செடிகளை விதை முற்றுமுன் வேரோடு பிடுங்குங்கள். சரிவான நிலத்தில் ஒரேயடியாக வேண்டாம். சிறு பகுதியாகப் பிடுங்கி, அவ்விடத்தில் உடனே வேறு செடி நடுங்கள். வெறுமையான சரிவு மழையில் நழுவும்.
3. பட்ட மரக்கிளை, காய்ந்த மூங்கில், வெயில் படும் வெறும் மண் ஆகியவற்றில் சிறிதளவு ஒதுக்கிவையுங்கள்.
4. கிருமிநாசினி தெளித்தே ஆக வேண்டுமெனில் பூக்கள் மூடியபின் மாலையில் தெளியுங்கள்.
5. தேன்கூட்டை நெருப்பால் அழிக்காதீர்கள்.
6. பூச்சிகள் திரும்பும்வரை, காலை வேளையில் ஆண்பூவைப் பறித்து, இதழ் நீக்கி, பெண்பூவின் நடுவே மெல்லத் தடவுங்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், விவசாயத்துக்கு உதவும் பூச்சிகளும் பறவைகளும் நச்சு மருந்துகளால் மறைவதைக் குறித்து எச்சரித்தார். வீடிழப்பதன் வேதனையை அறிந்தவர்கள் நீங்கள். பூச்சிக்கும் ஓரிடம் விட்டுவைப்பது உங்கள் குழந்தைகளின் தட்டில் காயாகத் திரும்பிவரும்.

குழுவில் கலந்துரையாட

1. காலை வேளையில் அரை மணி நேரம் ஒரு பூசணிப்பூவின் அருகில் இருந்து பாருங்கள். எத்தனை வகைப் பூச்சிகள் வந்தன?
2. நம் குடியேற்றத்தில் மாதந்தோறும் பூக்கும் செடிகள் எவை? எந்த மாதத்தில் எதுவும் பூப்பதில்லை?
3. பொது நிலத்தில் பரவும் ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்ற எந்தெந்த வீட்டார் சேர்ந்து ஒரு நாள் ஒதுக்கலாம்?