கேமரா படங்கள் கெட்டுவிட்டனவா? கார்டை பார்மட் செய்யாதீர்கள்!

விலை உயர்ந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பாதி சாம்பல் நிறமாகவோ, ரோஸ் நிறப் பட்டைகளுடனோ தெரிகிறதா? உடனே கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு படம் மெமரி கார்டு, கார்டு ரீடர், யு.எஸ்.பி. போர்ட், ராம் மெமரி எனப் பல இடங்களைக் கடந்துதான் ஹார்ட் டிஸ்க்கை அடைகிறது. பிழை எங்கும் ஏற்படலாம்.

ஜேபெக் பைலில் ஒவ்வொரு சிறு கட்டத்தின் நிறமும், முந்தைய கட்டத்தில் இருந்து எவ்வளவு மாறுகிறது என்றே பதியப்படுகிறது. எனவே ஓரிடத்தில் ஒரு பிட் மாறினாலும் அதற்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் பாதிக்கப்படலாம்.

முதலில் செய்ய வேண்டியது: அந்தக் கார்டில் புதிய படம் எடுக்காதீர்கள். எஸ்.டி. கார்டு என்றால் பக்கவாட்டில் உள்ள லாக் சுவிட்சைத் தள்ளிவிடுங்கள். விண்டோஸ் "பார்மட் செய்யவா?" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். பின்னர் கீழ்க்கண்டவாறு சோதியுங்கள்.

1. பைல் உண்மையிலேயே கெட்டுள்ளதா? கேனான் நிறுவனம் 2018ல் இ.ஓ.எஸ். எம்50 கேமராவுடன் சி.ஆர்.3 என்ற புதிய ரா பைல் வகையைக் கொண்டு வந்தது. பழைய சாப்ட்வேர்கள் இதைத் திறக்காது. இது பைலின் குறை அல்ல. கேமரா நிறுவனத்தின் சாப்ட்வேரில் திறந்து பாருங்கள்.

2. கேமரா திரையில் படம் நன்றாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். ரா பைலுக்குள் ஒரு சிறிய ஜேபெக் படமும் இருக்கும். திரையில் தெரிவது அதுதான். உள்ளே உள்ள முழுப் படம் கெட்டிருக்கலாம்.

3. கார்டில் உள்ள படங்களை ஒரு போல்டருக்குக் காப்பி செய்யுங்கள். கார்டை வெளியே எடுத்து, மீண்டும் செருகி, வேறொரு போல்டருக்கு மறுபடி காப்பி செய்யுங்கள். இரண்டையும் ஒப்பிடுங்கள்.

இரு முறையும் அதே படங்கள், அதே இடத்தில் கெட்டிருந்தால் வேறு கார்டு ரீடரில் முயலுங்கள். அப்போதும் மாற்றம் இல்லை என்றால் குறை கார்டிலோ கேமராவிலோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு படங்கள் கெட்டால் கார்டு ரீடர், கேபிள் அல்லது ராம் மெமரியைச் சந்தேகியுங்கள்.

என் நண்பர் தன் தங்கையின் திருமணப் படங்களில் பல கெட்டுவிட்டதாக வந்தார். கார்டை பார்மட் செய்து, கேமராவைச் சர்வீசுக்கு அனுப்ப இருந்தார். இரண்டு முறை காப்பி செய்தோம். முதல் முறை கெட்ட படங்கள் இரண்டாம் முறை நன்றாக இருந்தன. வேறு சில கெட்டன. ஸ்டார்ட் மெனுவில் உள்ள விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் மூலம் சோதித்ததில் ராம் பழுது என்று தெரிந்தது. என் லேப்டாப்பில் காப்பி செய்தபோது எல்லாப் படங்களும் முழுமையாக வந்தன. கார்டை பார்மட் செய்திருந்தால் கெட்ட காப்பிகள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

4. கார்டில்தான் குறை என்றால் போட்டோரெக் என்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்துங்கள். இது கார்டில் எதையும் எழுதாமல் படங்களைத் தேடி எடுக்கும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.

5. படங்களை மீட்ட பிறகு, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராமில் கார்டைச் சோதியுங்கள். இது காலியிடத்தை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். கொள்ளளவை ஏமாற்றும் போலி கார்டுகளும் இதில் மாட்டிக்கொள்ளும். பிழை காட்டினால் அந்தக் கார்டைத் தூக்கி எறியுங்கள்.

இனி படங்களை கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். கேமராவில் விளக்கு மினுக்கும்போது கார்டுக் கதவைத் திறக்காதீர்கள். இரண்டு கார்டு போடும் வசதி இருந்தால் ஒரே படத்தை இரண்டிலும் பதியும்படி செட்டிங்ஸை மாற்றுங்கள். எல்லாப் படங்களையும் திறந்து பார்த்து, இன்னொரு டிரைவிலும் ஒரு காப்பி எடுத்த பிறகே கார்டை, கேமராவிலேயே பார்மட் செய்யுங்கள்.