உப்பளத்துக்குப் போகுமுன் ஒரு கணக்கு

பள்ளி அறிவியல் மன்றத்தைச் சேர்ந்த பத்துப் பேர், மரக்காணம் உப்பளங்கள் வழியாகக் கழுவெளி ஏரிக்கரைக்கு நடந்து சென்று பறவைகளைக் கணக்கெடுக்கத் திட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பைனாகுலர், குறிப்பேடு, தொப்பி, கட்டுச்சோறு எனப் பட்டியல் நீளும். ஆனால் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது தண்ணீர். எவ்வளவு தண்ணீர்? அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

எப்போது போவது?

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கழுவெளி, உப்பங்கழி வழியாக வங்கக் கடலோடு தொடர்புடைய பெரிய சதுப்புநில ஏரி. அதில் 5,151 ஹெக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரி, கோடையில் வற்றிவிடும். உப்பு விளைச்சலோ மழை ஓய்ந்த பிறகே தொடங்கும். ஆகவே பிப்ரவரித் தொடக்கம் ஏற்ற காலம். ஏரியில் நீரும் வலசைப் பறவைகளும் இருக்கும், பாத்திகளில் வேலையும் தொடங்கியிருக்கும், வெயிலும் முற்றியிருக்காது. வனத்துறையிடமும் உப்பளத்தாரிடமும் முன்னதாகவே அனுமதி பெற வேண்டும்.

சுற்றிலும் நீர், குடிக்க இல்லை

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகத்தால் ஒரு லிட்டர் சிறுநீரில் அவ்வளவு உப்பை வெளியேற்ற முடியாது. எனவே கடல்நீரைக் குடித்தால், அந்த உப்பை வெளியேற்ற உடலிலுள்ள நல்ல நீரும் செலவாகும். தாகம் தணியாது, கூடும். பாத்தியிலுள்ள நீர் இன்னும் மோசம். கடல்நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியான பிறகே உப்பு படியத் தொடங்குகிறது. நீரை இப்படி வற்றவைக்கும் அதே வெயிலும் காற்றும்தான் நம் உடலிலிருந்தும் நீரை எடுக்கின்றன!

வியர்வைக் கணக்கு

நிதானமாக நடக்கும் ஒருவர் உடலில் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோகலோரி வெப்பம் உண்டாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். ஆகவே நடையால் உண்டாகும் வெப்பத்தை நீக்க மட்டும் மணிக்கு 430 மில்லிலிட்டர் வியர்வை வேண்டும். மேலிருந்து வெயிலும், வெண்மையான உப்பின் மீது பட்டுத் திரும்பும் ஒளியும் இன்னும் சூடேற்றும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை முழுதும் ஆவியாகாது. ஆவியாகாமல் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. இவற்றையெல்லாம் சேர்த்து மணிக்கு 750 மில்லிலிட்டர் என்று கொள்வோம்.

காலை 6 மணி முதல் 10 மணி வரை நான்கு மணி நேர நடை: ஒருவருக்கு 3 லிட்டர். வழி தவறலாம், பாத்திரம் ஒழுகலாம். அதற்காக ஒரு லிட்டர் கூடுதல். ஆளுக்கு 4 லிட்டர், பத்துப் பேருக்கு 40 லிட்டர். எடை 40 கிலோ!

வழியில் ஒரு சேமிப்பு

இவ்வளவையும் சுமந்து நடந்தால் வியர்வையும் கூடும். எனவே பாதியைச் சுமந்து செல்வோம். மீதியை, நடையின் பாதித் தூரத்தில் வரப்பும் சாலையும் சந்திக்கும் இடத்தில் முதல் நாளே ஒப்படைத்து வைப்போம்.

இது பழைய உத்தி. தென்துருவம் சென்ற ஆமுண்ட்சென், 1911இல் தம் சேமிப்புக் கிடங்கின் இருபுறமும் பாதைக்குக் குறுக்கே வரிசையாகக் கொடிகள் நட்டார். சற்று விலகி வந்தாலும் ஏதாவதொரு கொடி கண்ணில் படும் அல்லவா? அதே ஆண்டில் ஸ்காட் குழுவினர் ஒரு முக்கியக் கிடங்கை, திட்டமிட்ட இடத்துக்குச் சுமார் 57 கிலோமீட்டர் முன்னதாகவே அமைக்க நேர்ந்தது. 1912 மார்ச்சில் துருவத்திலிருந்து திரும்பும்போது ஸ்காட்டும் எஞ்சிய இரு தோழர்களும் அந்தக் கிடங்கை எட்ட இன்னும் 20 கிலோமீட்டர் இருக்கையில் புயலில் சிக்கி உயிர் நீத்தனர். திட்டமிட்ட இடத்தில் கிடங்கு இருந்திருந்தால் அவர்கள் அதைக் கடந்தே வந்திருப்பார்கள்.

உப்பளத்தில் வரப்புகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். நாமும் கழியில் வண்ணத்துணி கட்டி அடையாளம் வைப்போம். ஒரு விதியையும் வகுத்துக்கொள்வோம்: சேமிப்பிடத்துக்குப் பாதி வழி செல்லுமுன் கையிலுள்ள தண்ணீரில் பாதி தீர்ந்துவிட்டால், அங்கேயே திரும்பிவிட வேண்டும். யாருக்கேனும் தலைசுற்றலோ மனக்குழப்பமோ கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும்.

நமக்கு ஒரு நாள், அவர்களுக்கு?

உப்பளத் தொழிலாளர்கள் விடியுமுன்பே வேலையைத் தொடங்குவதன் காரணம் இப்போது புரிகிறதா? நம் கணக்கை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள். ஆயினும் வெயில் அவர்களை விடுவதில்லை. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உழைத்தனர். 100க்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல் குறைந்திருந்தது. குடிநீரும் நிழலும் நம் ஒரு நாள் பயணத்துக்கே இவ்வளவு தேவையென்றால், நாள்தோறும் அங்கு உழைப்பவர்களுக்கு எவ்வளவு தேவை!

செய்து பாருங்கள்

விளையாடுமுன் உங்கள் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் விளையாடியபின், வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். இடையில் குடித்த நீரின் எடையையும் கணக்கில் சேருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் வியர்வை. இந்த எண்ணைக் கொண்டு உங்கள் குழுவுக்கான தண்ணீர்க் கணக்கை நீங்களே போடுங்கள்.