ரொட்டி இறங்கவில்லையா? உணவுக்குழாய்ப் புற்றுநோயை அறிந்துகொள்வோம்



"ரொட்டி தின்னா நெஞ்சுக்குள்ள நிக்குது. தேத்தண்ணி குடிச்சா எறங்கிருது." இப்படிச் சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும் அம்மாமாரை நாம் கண்டிருக்கிறோம். வாயு என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி குடிப்போம். சில வாரங்களில் ரொட்டியை விட்டுச் சோறு, பிறகு சோற்றை விட்டுக் கஞ்சி. "வயசானா இப்படித்தான்" என்று வீட்டிலும் சொல்லிவிடுவோம். இந்தப் பாடத்தில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: ரொட்டி இறங்காத நாட்களிலேயே வைத்தியரிடம் போக வேண்டும். கஞ்சி இறங்காத நாள்வரை காத்திருக்கக் கூடாது.

1. உணவுக்குழாய் என்பது என்ன?

தொண்டையிலிருந்து இரைப்பைக்குப் போகும் குழாய் இது. நீளம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். 'களம்' என்றும் சொல்வர். இது விரிந்து கொடுக்கும் தசைக் குழாய். அதனால் உள்ளே கட்டி வளர்ந்தாலும் ஆரம்பத்தில் தெரியாது. குழாய் ஒடுங்கிய பின்புதான் ரொட்டி, இறைச்சி போன்ற கட்டியான சாப்பாடு நிற்கத் தொடங்கும். ஆகவே அறிகுறி தெரிந்தபின் வீணாகும் ஒவ்வொரு வாரமும் நமக்கு நட்டம்.

காரணமில்லாமல் உடம்பு மெலிதல், விழுங்கும்போது நோவு, சாப்பிட்டது திரும்பி வருதல், குரல் கம்மல் ஆகியவையும் அறிகுறிகளே.

2. ஏன் வருகிறது?

வெற்றிலையும் புகையிலையும்: யாழ்ப்பாணப் பொயிலை என்றால் நம் லயங்களில் தெரியாதவர் இல்லை. குளிருக்கும் பசிக்கும் அதுவே துணை என்று பழகிவிட்டோம். புகையிலை புற்றுநோயை உண்டாக்கும் என்பது பலருக்கும் தெரியும். "பொயிலய விட்டாச்சு, வெறும் வெத்தல பாக்குதானே" என்போரும் உண்டு. ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

பீடி, சிகரெட், சாராயம்: புகையும் குடியும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும்.

கொதிக்கும் தேநீர்: 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் எதைக் குடித்தாலும் உணவுக்குழாயில் புற்றுநோய் வரக்கூடும் என்று அதே முகவரகம் 2016இல் கூறியது. குற்றம் சூட்டில்தான், நாம் பறிக்கும் தேயிலையில் இல்லை. பிளேன்டீயைச் சற்று ஆறவிட்டுக் குடித்தால் போதும்.

இரத்தச்சோகை: இரும்புச்சத்துக் குறைவு நீண்டகாலம் இருந்தால், சில பெண்களின் உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வு உண்டாகும். அவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பெட்டிக்குள் போட்டு வைக்காதீர்கள்.

3. எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய் வழியே விட்டுப் பார்ப்பார்கள். இது சத்திரசிகிச்சை அல்ல. சில நிமிட வேலைதான். சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதித்தால்தான் புற்றுநோயா இல்லையா என்பது உறுதியாகும். விழுங்கக் கஷ்டப்படும் எல்லோருக்கும் புற்றுநோய் இல்லை. புற்றுநோய்தான் என்றால், எவ்வளவு பரவியுள்ளது என அறிய சி.ரி. ஸ்கேன் எடுப்பார்கள்.

4. சிகிச்சை உண்டா?

உண்டு. நோய் பரவாதிருந்தால், கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, இரைப்பையை மேலே இழுத்துப் பொருத்துவார்கள். பெரிய சத்திரசிகிச்சைதான். அதற்கு முன் ஐந்து வாரம் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தால் பலன் கூடுதல் என நெதர்லாந்து வைத்தியர்கள் 2012இல் காட்டினர். வெட்டு மட்டும் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் இரண்டு வருடம் வாழ்ந்தனர். இரண்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் நான்கு வருடத்துக்கு மேல் வாழ்ந்தனர்.

பிந்திப் போனால் வெட்ட முடியாது. அப்போதும் கைவிட மாட்டார்கள். ஒடுங்கிய இடத்தில் வலைக்குழாய் வைத்துச் சாப்பாடு இறங்க வழி செய்வார்கள், நோவைக் குறைப்பார்கள்.

5. எங்கே போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்கு. அங்கே வாயு மாத்திரை தந்து அனுப்பினால், இரண்டு வாரத்தில் குணமில்லாவிட்டால் திரும்பப் போய், "கமரா பார்க்க பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் தாங்க" என்று தயங்காமல் கேளுங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ச் சிகிச்சை உண்டு.

1977, 1983 கலவரங்களுக்குப் பின் கிளிநொச்சி, வவுனியா பக்கம் குடியேறிய நம் உறவுகளுக்கு யாழ். குடாநாட்டின் தெல்லிப்பழையும் உண்டு. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் அங்கே புற்றுநோய் வைத்தியசாலை எழுந்து, 2013இல் திறக்கப்பட்டது. புகையிலை விளைந்த அதே மண்ணில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கொடுத்த காசில் எழுந்த ஆஸ்பத்திரி அது. வடக்கிலுள்ள உறவினருக்கு இந்தச் செய்தியைச் சொல்லி அனுப்புங்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். நமக்குச் செலவு பஸ் காசும், பேர் விழாத நாட்களும்தான். அது சின்னச் செலவல்ல என்பதை நாம் அறிவோம். ஆனாலும் ஒரு நாள் பேரைப் பார்த்து, ஒரு தாயை இழந்துவிடக் கூடாது.

கூடிப் பேசுவோம்

1. நம் லயத்தில் ரொட்டியை விட்டுக் கஞ்சிக்கு மாறியவர் யாராவது உண்டா?
2. அவரோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகக்கூடியவர் யார்?
3. வெற்றிலையை விட நினைப்பவருக்கு வீட்டார் எப்படி உதவலாம்?