நன்னீர் ஆய்வில் கூட்டு முயற்சி: கங்கை தரும் பாடம்

ஆறு ஒன்றே, அதனை ஆராயும் அறிவியல்களோ பல. நீரியலார் நீர் வரத்தைக் கணக்கிடுகின்றனர். வேதியியலார் மாசை அளவிடுகின்றனர். மீனியலார் உயிரினங்களை ஆராய்கின்றனர். ஒவ்வொரு துறைக்கும் தனிச் சங்கமும் தனி ஆய்விதழும் உண்டு. ஆயினும், ஆற்றைப் பற்றி முடிவெடுக்கும் அரசுக்கு வேண்டுவது இவை அனைத்தும் கூடித் தரும் ஒரே விடையாகும்.

இத்தேவை புதிதன்று. 1922-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கீல் நகரில், ஜெர்மானியரான ஆகஸ்ட் தீனெமானும் சுவீடன் நாட்டவரான ஐனார் நௌமானும் பன்னாட்டு நன்னீரியல் சங்கத்தை நிறுவினர். கோட்பாட்டு ஆய்வும் பயன்பாட்டு ஆய்வும் இணைய வேண்டும் என்ற எண்ணம் அச்சங்கத்தின் பெயரிலேயே இடம்பெற்றது. அவ்விணைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கங்கையின் வரலாறு நன்கு உணர்த்துகிறது.

விடுபட்ட கேள்வி

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் இயற்றப்பட்டது. 1986 ஜூன் மாதம் கங்கைச் செயல் திட்டம் தொடங்கப்பெற்றது. நகரங்களின் கழிவு நீரைத் தடுத்துத் திருப்பிச் சுத்திகரிப்பதே அதன் முதன்மைப் பணி. ஆற்றில் எவ்வளவு நீர் எஞ்சியிருக்க வேண்டும் என்ற கேள்வி அதில் முதன்மை பெறவில்லை. ஹரித்வாரில் 1854-இல் திறக்கப்பட்ட கால்வாயும், நரோராவில் பிரியும் கால்வாயும் பாசனத்திற்குப் பெருமளவு நீரை எடுத்துச் செல்கின்றன. ஓட்டம் குறைந்தால் எஞ்சும் கழிவின் செறிவு மிகும். மாசும் வரத்தும் தனித்தனியே நோக்கப்படின் இரண்டிற்கும் தீர்வு காண இயலாது.

கூட்டாய்வின் முறை

2010-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மும்பை, தில்லி, குவஹாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. பிற பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் சார்ந்த வல்லுநர்களும் இப்பணியில் பங்கேற்றனர். கங்கை வடிநில மேலாண்மைத் திட்டம் 2015-இல் வழங்கப்பெற்றது.

ஓட்டத்தின் அளவை அவர்கள் கண்டறிந்த முறை குறிப்பிடத்தக்கது. மலைப்பகுதிக்கு மகசீர் போன்ற மீன்களும், சமவெளிக்கு டால்பின் எனப்படும் ஓங்கிலும் அடையாள உயிரினங்களாகக் கொள்ளப்பட்டன. அவை நடமாடவும் இனம் பெருக்கவும் தேவையான நீராழத்தை உயிரியலார் கூறினர். ஆற்றின் குறுக்குவெட்டு நில அளவையால் பெறப்பட்டது. அவ்வாழம் நிலைக்க எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்பதை நீரியலார் கணக்கிட்டனர். ஒரு துறை மட்டும் இவ்விடையைத் தந்திருக்க இயலாது.

ஆய்வும் ஆணையும்

2018 அக்டோபரில் மத்திய அரசு சுற்றுச்சூழல் ஓட்டத்திற்கான அறிவிக்கையை வெளியிட்டது. ஹரித்வாருக்கு மேற்பட்ட பகுதியில், வரத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை 20 விழுக்காடும், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 விழுக்காடும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 விழுக்காடும் விடப்பட வேண்டும். ஹரித்வாரின் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே, மழையற்ற மாதங்களில் விநாடிக்கு 36 கன மீட்டரும், மழைக்காலத்தில் 57 கன மீட்டரும் ஓட வேண்டும். பிஜ்னோர், நரோரா, கான்பூர் ஆகிய இடங்களுக்கு இவ்வளவுகள் முறையே 24, 48 கன மீட்டர் ஆகும். கண்காணிக்கும் பொறுப்பு மத்திய நீர் ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும், ஆய்வு முடிவும் அரசாணையும் ஒன்றல்ல. மின்சாரம், பாசனம், குடிநீர் ஆகிய தேவைகளையும் ஆணை கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. மேற்பகுதிக்கு வரத்தின் விழுக்காடே வரையறுக்கப்பட்டுள்ளது. அதனால் கோடையில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் கிடைக்கும் என்பதைத் தொடர்ந்து அளந்தே அறிய முடியும். நாட்டு எல்லையைக் கடக்கும் ஆறு என்பதால் கங்கையின் வரத்து விவரங்கள் கட்டுப்பாட்டுடனேயே வழங்கப்பட்டு வந்துள்ளன. இது கூட்டாய்வுக்கு ஒரு தடையாகும்.

ஆகவே, அறிவியல் சங்கங்களின் கூட்டு ஓர் அறிக்கையுடன் முடிந்துவிடலாகாது. பொதுவான அளவு முறைகளை வகுத்தல், விவரங்களைப் பகிர்தல், ஆணையின் பயனை ஆண்டுதோறும் ஆற்றிலேயே சோதித்தல் ஆகிய மூன்றும் தொடர வேண்டும். அப்போதுதான் தாளில் உள்ள அளவு ஆற்றில் ஓடும் நீராக மாறும்.